ஷில்லாங்கில் அதிரசம், கூடவே கொஞ்சம் ப்ளூஸ்

எங்கள் வங்கியில் வடகிழக்குக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் துக்கம் விசாரிப்பது மாதிரி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ரெண்டு மூணு வருஷம்தானே சார், ஓடிடும்" என்பார்கள். என்னிடம் இந்தத் துக்கம் இரண்டு தரம் விசாரிக்கப்பட்டிருக்கிறது. முதல் தரம் 2006-ல், கல்யாணம் ஆகாத பையனாக. இரண்டாம் தரம் 2023-ல், காதோர நரை, வீட்டுக் கடன், எட்டாவது படிக்கும் மகள் சகிதம். இரண்டு தரமும் ஷில்லாங்தான். இரண்டாவது உத்தரவைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மனைவி முன்னால் அதைக் காட்டிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை :-)

சந்தோஷத்துக்குக் காரணம் ப்ளூஸ். பி.காம். படித்துவிட்டு இளையராஜா தவிர வேறு தெரியாமல் வந்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த சொத்து அது. ஷில்லாங்கில் கிடார் என்பது நம் ஊரில் கிரிக்கெட் மட்டை மாதிரி, வீட்டுக்கு ஒன்று இருக்கும். 1841-ல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் சோஹ்ராவுக்கு (நாம் பள்ளியில் படித்த சிரபுஞ்சி) வந்து கசி மொழிக்கு ரோமன் எழுத்தைக் கொடுத்தார். அவர் வழி வந்த சபைகள் பாட்டையும் கொடுத்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாலு குரலில் பிரிந்து பாடிப் பழகிய தொண்டைகள். அதற்கு மேல் அஸ்ஸாமுக்கே இதுதான் தலைநகராக இருந்த காலம், ராணுவ முகாம்கள், வெளிநாட்டு வானொலி. லூ மஜா என்ற மனிதர் 1972-லிருந்து ஒவ்வொரு மே 24-ம் தேதியும் பாப் டிலனுக்குப் பிறந்தநாள் கச்சேரி நடத்துகிறார். அது மேகாலயா தனி மாநிலமான வருஷம். இரண்டுக்கும் ஒரே வயது.

நான் முதலில் வந்தபோது ஊரெங்கும் பேச்சு 'சோல்மேட்' பற்றித்தான். ரூடி வாலாங் கிடார், டிப்ரிட்டி கர்பங்கர் குரல். 2003-ல் தொடங்கிய குழு. 2007-ல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக்கு உலக ப்ளூஸ் போட்டிக்குப் போய் வந்தார்கள். அந்த அம்மாள் பாடுவதை நேரில் கேட்ட அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஏற்றத்தில் நாலு கிலோமீட்டர். டாக்ஸி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன், அது பாதி உண்மை.

ப்ளூஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வங்கிக்காரனின் விளக்கம். பன்னிரண்டு பார், ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை. முதல் நாலு பார் சொந்த சுருதியில். அடுத்த நாலில் கொஞ்சம் வெளியே போய்த் திரும்பி வருவார்கள். கடைசி நாலில் இன்னும் எட்டப் போய், பன்னிரண்டாவது பாருக்குள் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். சாயங்காலம் கேஷ் டாலி ஆவது மாதிரி. பாட்டு வரியும் அப்படித்தான். ஒரு வரி, அதே வரி இன்னொரு தரம், மூன்றாவதாக அதற்குப் பதில். இவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்குக்குள் எத்தனை பேர் எத்தனை அழுகையை வைத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 2007 அக்டோபரில் அம்மாவுடன் ஷில்லாங் வந்தார். குத்தாலம் பக்கத்து கிராமத்தை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் வெளியே தங்கியிராத மனிதர். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் ஒரு கம்பளி என்று நாலடுக்காக உட்கார்ந்திருப்பார். அவருக்காகவே ஒரு வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோ வாங்கி வைத்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. நேரே செயற்கைக்கோளிலிருந்து பாட்டு இறங்கும் ரேடியோ. ஏ.ஆர். ரகுமான்தான் அதன் விளம்பர முகம். சந்தா கட்டினால் கர்னாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று ஒரு சேனல், தமிழ் சினிமாப் பாட்டுக்கு 'கேஎல்' என்று ஒரு சேனல், இப்படி நிறைய. கரகரப்பு கிடையாது, நேயர் விருப்பக் கூச்சல் கிடையாது. அப்பா கையில் அதைக் கொடுத்த நாளிலிருந்து அவர் 'ஸ்ருதி'யை விட்டு நகரவில்லை.

அதற்கு ஒரு தட்டை ஆன்டெனா உண்டு. வானத்தில் செயற்கைக்கோள் இருக்கும் திசையைப் பார்த்து வைக்க வேண்டும். அந்த ஆசியாஸ்டார் கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 105 டிகிரி கிழக்கில் நின்றது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய கிழக்கு. ஷில்லாங்கிலிருந்து பார்த்தால் தெற்கு, சற்றே கிழக்கே சாய்ந்து. மழை அதை ஒன்றும் செய்யாது, ஷில்லாங் மழையிலும் பைரவி அட்சரம் பிசகாமல் வந்தது. மரம்தான் எதிரி. எங்கள் குவார்ட்டர்ஸின் அந்தப் பக்கம் முழுக்க பைன் மரங்கள். வீடெல்லாம் தேடிப் பார்த்ததில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வானம் தெரிந்த ஒரே இடம் சமையலறை ஜன்னல். ஆன்டெனா அங்கே, வயர் கூடம் வரை, ரேடியோ அப்பா மடியில்.

அம்மா கடுகு டப்பாவை எடுக்கக் கையை நீட்டினால் கூடத்தில் ஆலாபனை அறுந்துபோகும். டிஜிட்டல் சமாச்சாரம் அல்லவா, தேய்ந்து மங்குவதெல்லாம் இல்லை, சட்டென்று நிசப்தம். "இந்தா, கொஞ்சம் தள்ளி நில்லு!" என்று அப்பா குரல் வரும். அம்மா தள்ளி நிற்பாள். தோடி திரும்ப வரும். மூன்று குளிர்காலம் அம்மா அந்தச் சமையலறையில் செயற்கைக்கோளுக்கு வழிவிட்டுத்தான் சமைத்தாள்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஊர் வேண்டியிருந்தது, ஊர் வானத்திலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. ஆனால் அந்த மூன்று குளிர்காலத்தில் அவர் ஷில்லாங்கில் இருக்கவே இல்லை, மார்கழி மயிலாப்பூரில்தான் இருந்தார் என்பதும் உண்மை. ஒரு கச்சேரிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "அதுல என்னடா, கத்துறானுவ" என்றார். அதோடு சரி. அம்மாவை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. அம்மாவின் ஷில்லாங் அந்த ஜன்னல்தான்.

2009 டிசம்பர் 31-ம் தேதியோடு வேர்ல்ட்ஸ்பேஸ் இந்தியாவில் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் தாய் நிறுவனம் அதற்கு முந்தைய வருஷமே திவால் மனு போட்டிருந்தது. புத்தாண்டு அன்று காலை அப்பா ரேடியோவைப் போட்டார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து "தள்ளி நில்லு" என்றார். அம்மா அப்போது சமையலறையிலேயே இல்லை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு முன்பே இருவரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த மே மாதம் எனக்கும் மாற்றல் வந்தது. அப்பா 2013-ல் போய்ச் சேர்ந்தார். ரேடியோ ஊர் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இனி இரண்டாவது ஷில்லாங்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. கை நடுக்கம் வந்துவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஊரில் தனியாக விட முடியாது என்று பக்கத்து வீட்டு அக்காவே போன் பண்ணிச் சொன்னார். சென்னை ஃபிளாட்டில் நாலு மாதம் இருந்து பார்த்தாள். மருமகள் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு, பகல் முழுக்க நாலு சுவர். ஒரு நாள் போனில், "நீ தனியாத்தானே சமைச்சுத் திங்குற தம்பி, நான் அங்க வர்றேன்" என்றாள். எனக்குப் பயம். அப்பாவே ஒட்டாத ஊர், இந்த வயதில், இந்தக் குளிரில்? ஊரில் வேறு ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டை விற்ற பிறகு இங்கே பிடிக்கவில்லை என்றால் அவள் எங்கே போவாள்?

2024 செப்டம்பரில் வந்தாள். இந்தத் தரம் குவார்ட்டர்ஸ் இல்லை, லைதும்க்ரா பக்கம் ஒரு வீட்டில் மாடி. கீழே வீட்டுக்கார அம்மாள். கசியில் பெரிய பெண்களை 'கோங்' என்று கூப்பிட வேண்டும், நம் 'அக்கா' மாதிரி. நான் கோங் என்கிறேன், என் அம்மா முதல் நாளே 'கோங்கம்மா' ஆக்கிவிட்டாள். கோங் அந்த வீட்டின் கடைசிப் பெண். கசிகளிடம் வீடு கடைசிப் பெண்ணுக்குத்தான் வரும், பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றுவதும் அவள் பொறுப்பு. இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்ல ஏற்பாடுதான்" என்றாள். நான் ஒரே பிள்ளை.

முதல் நாள் கோங் தட்டில் க்வாய் வைத்துக் கொண்டுவந்தார். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. விருந்தாளிக்கு முதல் மரியாதை அதுதான். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையில் நாற்பது வருஷம் ஊறிய என் அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இந்த ஊர் பாக்கு நம் கொட்டைப்பாக்கு இல்லை, ஈரப் பாக்கு. வாயில் போட்டு இரண்டு நிமிஷத்தில் நெற்றி வியர்க்கும், காது சூடேறும். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "தம்பி, இதுதான்டா இந்த ஊருக்குக் கம்பளி" என்றாள். அப்பா மூன்று குளிர்காலத்தில் கண்டுபிடிக்காததை மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

தீபாவளிக்கு அதிரசம் செய்தே தீர வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் அதிரசம்தான், மற்றதெல்லாம் உப பலகாரம். பச்சரிசியை ஊறவைத்து, துணியில் நிழலாக உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருள வேண்டும், ஆனால் இறுகக் கூடாது. இளம்பாகாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் கரைந்து பிரிந்துவிடும். முற்றிவிட்டால் கடப்பாக் கல். ஷில்லாங் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, ஊர் நேரக் கணக்கு எதுவும் செல்லாது. கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்கிறவன் இங்கே தோற்றுப்போவான், விரல்தான் கணக்கு.

அந்த விரல்தான் நடுங்கியது. பாகுச் சொட்டைத் தண்ணீருக்குள் பிடித்து உருட்ட முடியவில்லை. மூன்று தரம் பார்த்தாள். நான் உருட்டி, "சரியா இருக்கும்மா" என்றேன். என் விரலுக்கு என்ன தெரியும், ரூபாய் நோட்டில் கள்ள நோட்டு தெரியும், அவ்வளவுதான். மாவு சேர்த்து இரண்டு நாள் வைத்தோம். எண்ணெயில் போட்டதும் மொத்தமும் பிரிந்து மிதந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, இனிமே அவ்வளவுதான்" என்றாள். அதிரசத்தைச் சொன்னாளா, எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. டிசம்பர் இருபது தாண்டினால் ஷில்லாங் வேறு ஊர். போலீஸ் பஜார் முழுக்க விளக்கு, வீட்டுக்கு வீடு நட்சத்திரம், ராத்திரியில் தெருவில் பாட்டு. ஒரு மத்தியானம் கோங் ஒரு கிண்ணத்தில் ஏதோ மூடிக் கொண்டுவந்தார். புக்லேன் என்று பெயர், விசேஷங்களுக்குச் செய்வார்களாம். பழுப்பாக, வட்டமாக, நடுவில் சற்றே உப்பி. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு துண்டு பிட்டாள். "அரிசி மாவு. வெல்லம். ஏலக்காய் போடலை, பாகு காய்ச்சலை, கரைச்சு ஊத்தியிருக்கா" என்று ஆடிட்டர் மாதிரி வரிசையாகச் சொன்னாள். எல்லாம் சரி என்று கோங் தலையாட்டினார், நான் மொழிபெயர்த்ததும் சிரித்தார். "இவங்களும் நம்ம ஆளுங்கதான், பாகு பதம் மட்டும் வேற" என்று அம்மா முடித்தாள்.

மறுநாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது மாடியில் எண்ணெய் வாசனை. என்னைக் கலந்துகொள்ளாமலே ஏற்பாடு நடந்திருக்கிறது. ஒருவருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது, இன்னொருவருக்குக் கசியும் இங்கிலீஷும். அடுப்புக்கு எதிரே அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கோங் கையில் கரண்டி. பாகைச் சொட்டிக் கோங் உருட்டுகிறார், அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார், அம்மா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "ம்ஹூம்" என்கிறாள். மறுபடி. மறுபடி. அப்புறம் ஒரு "ம்!" அந்த 'ம்' நான் சின்ன வயதில் கேட்ட 'ம்'. அவள் கை நடுங்கினாலும் பதம் தெரிவது அந்தக் கட்டைவிரலுக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாவை அடுப்பு மேடை ஓரத்தில், சூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு நாள் மூடி வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வாழை இலையில் தட்டிப் போட்டார்கள். பிரியவில்லை. எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அமுக்கி, வரிசையாக அடுக்கினார்கள். முப்பத்தெட்டு. எண்ணியது நான்தான், தொழில் புத்தி.

கோங்கின் மகனுக்குப் பத்தொன்பது வயது, கிடார் வாசிக்கிறான். தினமும் ஆறு மணிக்குக் கீழே மூன்று பையன்கள் கூடி ப்ளூஸ் பழகுவார்கள். இவ்வளவு நாளாக அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாட்டுக்குக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். ஜாதோ என்ற இறைச்சிச் சோறு, அம்மாவுக்காகக் கோழியில். துங்தாப் என்று கருவாட்டுச் சட்னி. (அதை அம்மா மூன்று தரம் வாங்கிக்கொண்டது பற்றி இங்கே விரிவாக எழுதினால் எனக்கு அடி விழும்.) சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் வாசித்தார்கள். பன்னிரண்டு பார், மெதுவான நடை. பையன் தந்தியை மேலே வளைத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஒரு இடத்தில் நிறுத்தினான். ப்ளூஸின் உயிர் அந்த இடம்தான். அப்பா இருந்திருந்தால் இது எந்தக் காந்தாரம் என்று சண்டைக்குப் போயிருப்பார். அதையாவது அவர் கேட்டிருக்கலாம்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, "ஒரே வரியைத்தானே ரெண்டு தரம் பாடுறான்?" என்றாள்.

"ஆமாம்மா."

"மூணாவதுல பதில் சொல்றான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிம்மா தெரியும்?"

"நடவுல பாடுறது அப்படித்தானே. முன்ன ஒருத்தி சொல்லுவா, நாங்க வாங்கிச் சொல்லுவோம். குனிஞ்சே கிடக்கணுமில்ல, இடுப்பு வலி தெரியாம இருக்கணுமில்ல."

ப்ளூஸும் வயலில் பிறந்ததுதான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றோரம், பருத்திக் காட்டில், கறுப்பின மக்கள் முதுகு ஒடிய வேலை செய்தபோது ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடியதிலிருந்து வந்தது. அந்தப் பிரதேசத்துக்கும் டெல்டா என்றுதான் பெயர், அந்தப் பாட்டுக்கே டெல்டா ப்ளூஸ் என்று ஒரு வகை உண்டு. பதினெட்டு வருஷமாக ப்ளூஸ் கேட்கிறேன், புத்தகம் எல்லாம் படித்திருக்கிறேன், காவிரி டெல்டாவில் நாற்று நட்ட என் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பாடினது எதுவும் எந்தச் செயற்கைக்கோளிலும் வந்ததில்லை. அன்று பையன்கள் கேட்டும் அவள் பாடவில்லை. "மறந்துபோச்சு" என்றாள். ஆனால் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், பன்னிரண்டாவது பாருக்குச் சரியாக நின்றது.

ஜனவரியில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். வீட்டைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரணில் இருக்கும் வெண்கல உருளியையும் அதிரசம் அமுக்கும் கட்டையையும் எடுத்துப் பார்சல் போடச் சொன்னாள். வீடு விஷயம் இன்னும் 'பாக்கலாம்'தான்.

"அங்கேயே அப்பா ரேடியோ இருக்குமே, அதையும் போடச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"அதுல இப்பப் பாட்டு வராதேடா. அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

உருளி வந்து சேர்ந்தது, ஒரு காது நசுங்கியிருந்தது. அடுத்த தரம் அரிசி இரண்டு கிலோ போட வேண்டுமாம், கீழ் வீட்டுக்கும் சேர்த்து. ஜோஹா அரிசி வாங்கி வராதே, அது வாசனை அரிசி, அதிரசத்துக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். படா பஜாரில் சாதாரணப் பச்சரிசி எங்கே கிடைக்கும் என்று கோங்கிடம் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார்.